பெரிய பைனாகுலரின் ருசி

1996 ஜனவரி கடைசியில் ஜப்பானின் ககோஷிமா பகுதியில், விடியுமுன் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த யூஜி ஹ்யாகுடாகே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். ஐந்து வாரங்களுக்கு முன்புதான், ஏறக்குறைய அதே திசையில், இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார். உலகமெங்கும் பேர் வாங்கித் தந்தது இந்த இரண்டாவதுதான். மார்ச் 25 அன்று பூமியை ஒன்றரைக் கோடி கிலோமீட்டரில் கடந்தபோது வெறுங்கண்ணுக்கே அதன் வால் வானத்தில் நீண்டு கிடந்தது. அவர் அதைக் கண்டது தொலைநோக்கியில் அல்ல, புஜினான் 25×150 பைனாகுலரில்.

25 மடங்கு. இங்கே பொம்மைக் கடையில் விற்கிற தொலைநோக்கிப் பெட்டி மேலேயே 300 மடங்கு என்று அச்சடித்திருப்பான். தேர்ந்த வேட்டைக்காரர் 25 போதும் என்று நின்றதில்தான் இந்தக் கருவியின் சூட்சுமம் இருக்கிறது. வால்நட்சத்திரம் தேடுபவருக்கு அகலமான வானம் வேண்டும்; மங்கலான ஒரு திட்டைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க ஒளி வேண்டும்; மணிக்கணக்கில் உட்கார இரு கண்ணுக்கும் சுகம் வேண்டும். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதைவிட இரு கண்ணாலும் பார்க்கும்போது மங்கல் பொருள்கள் தெளிவாகவே எழும்பும். ஒரு கண் தருகிற சந்தேகத்தை மறு கண் தீர்த்து வைக்கிறது.

வாங்கப் போகிறவர் முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். பெயரில் இரண்டாவதாக வரும் எண்ணை, அதாவது மி.மீ.யில் சொல்லும் முன்கண்ணாடியின் விட்டத்தை, முதல் எண்ணான உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 7×50க்கு 7 மி.மீ.; 15×70க்கு 4.7, 20×80க்கும் 25×100க்கும் 4. இருட்டில் இளவயதுக் கண்பாவை ஏறக்குறைய 7 மி.மீ. விரியும், ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5-ஐ எட்டுவதே அதிகம். கண்ணுக்குள் போகாத ஒளி வீண். அதனால்தான் நடுவயதுக்காரருக்கும், வானமே வெளிறிக் கிடக்கும் நகரவாசிக்கும் 4, 5 மி.மீ. வட்டம் தோதுப்படுகிறது. பின்னணி சற்றுக் கறுத்து, நட்சத்திரங்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 70 மி.மீ. என்று சொல்லிவிட்டு, உள்ளே பிரிசம் சிறிதாக இருப்பதால் 63 அளவுக்கே வேலை செய்யும் மலிவு ரகங்கள் உண்டு. தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் வைத்து, ஐபீஸுக்குச் சற்றுப் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். முன்கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒரு தாளை வைத்து, அதில் விழும் வட்டத்தை அளவுகோலால் அளந்தால் குட்டு வெளிப்படும். பிறகு பைனாகுலரைக் கைநீட்டத்தில் பிடித்து, ஐபீஸில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறமாகச் சதுரமாகிறதா என்று பாருங்கள். சதுரமானால் பிரிசக் கண்ணாடி மட்டம். மாணிக்கம் மாதிரி சிவப்பாக மின்னும் கண்ணாடி வேண்டவே வேண்டாம். திருப்பி வைத்து நகைபோல ரசிக்க மட்டுமே அது லாயக்கு. ஜூம் வைத்தவையும் அப்படித்தான்.

ஆனால் பெரிய பைனாகுலரின் உயிர்நாடி இவற்றில் எதிலும் இல்லை. இரண்டு குழல்களும் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். சிறிய பைனாகுலரில் கொஞ்சம் பிசகினால் மூளையே இழுத்துச் சேர்த்துவிடும். 20, 25 மடங்கில் அந்தப் பிசகும் பெருகும். கண் சிரமப்பட்டு ஒட்டவைக்கும். அரைமணி கழித்துத் தலைவலி கூலி கேட்கும். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து, ஒரு பக்கத்தை மட்டும் ஃபோகஸ் கலைத்துத் தட்டாக்குங்கள். மறுபக்கத்தின் கூர்மையான புள்ளி அந்தத் தட்டின் நடுவில் உட்கார்ந்தால் நல்ல கருவி. ஓரத்துக்கு நழுவினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரே மாடலில் ஒன்று தேறும், இன்னொன்று தேறாது. ஆகவே விமர்சனம் படித்து வாங்குவதைவிடக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே மேல்.

அடுத்தது தாங்கி. ஒன்றரைக் கிலோ 15×70-ஐக் கையால் இரண்டு நிமிடம் பிடிக்கலாம். நான்கு கிலோ 25×100-ஐப் பிடிப்பது வீம்பு. புகைப்பட டிரைபாடில் மாட்டினால், நேர்ப்பார்வைக் கருவி உச்சிவானத்துக்குத் திரும்பும்போது கழுத்து ஒடியும். 45, 90 பாகை வளைந்த ஐபீஸ் அந்தத் துன்பத்தைப் போக்கும், விலைதான் துள்ளும். இணைகரச் சட்டம் வைத்த தாங்கி எனக்கு இன்னும் பிடித்தது. உயரத்தை ஏற்றி இறக்கினாலும் குறி மாறாது. அப்பா பார்த்த அதே நட்சத்திரத்தைக் குழந்தையும் பார்க்கும்.

பகலில் தூரக்காட்சிக்கு வாங்குகிறவர்கள் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். கடற்கரையில் நிற்பவரின் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் கப்பலின் அடிப்பாகத்தைப் பூமியின் வளைவு மறைத்துவிடும், எந்தக் கண்ணாடியும் மீட்டுத் தராது. வெயில் ஏறிவிட்டால் 25 மடங்கில் எல்லாமே கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே தெரிவதுபோல நெளியும். மழை விட்ட மறுநாள் காலைதான் தூரம் பார்க்க ஏற்ற நேரம்.

இரவுக்கு வந்தால், நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. லண்டன்காரருக்கு உதிக்கவே உதிக்காத ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, வைகாசி இரவு ஒன்பது மணிக்கு மதுரையில் தென்வானில் முப்பது பாகைக்கு மேல் நிற்கும். 17,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தப் பஞ்சுருண்டை 15×70இலேயே பொருமி நிற்பது தெரியும். ஆடியில் விருச்சிகத்தின் வால் பக்கம் போனால், மூலத்துக்கு அருகே, டாலமி காலத்திலேயே குறிக்கப்பட்ட எம்7 என்ற நட்சத்திரக் கொத்து முழுசாய் ஒரே பார்வைக்குள் அடங்கும். கார்த்திகைக் கூட்டமும் அப்படியே. பெரிய தொலைநோக்கியில் பெரும்பாலும் இவற்றின் ஒரு துண்டுதான் தெரியும்.

முதன்முதலாக வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு: 15×70க்கு மேலே போக வேண்டாம், மிச்சப் பணத்தை நல்ல தாங்கியில் போடுங்கள். 25×100-ஐ, இருண்ட வானமுள்ள ஊரும் அதைச் சுமந்து போகத் தெம்பும் உள்ளவர் மட்டும் வாங்கலாம். எதை வாங்கினாலும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். பகலில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி போட்டு வையுங்கள்.