கேட்டுப் பெற்ற சொல்லும் கேளாமல் வந்த சொல்லும்

மருத்துவம் பயிலும் மாணவர் தம் கல்லூரியைப் பற்றி உள்ளத்தில் என்ன கருதுகின்றனர் என்பதை அறிய இரு வழிகள் உள. வினாத்தாளைக் கையில் கொடுத்து விடை பெறுவது ஒன்று. அவர்களோடு அமர்ந்தும் நடந்தும் உண்டும் அவர்கள் பேசுவதைக் கேட்பது மற்றொன்று. இவற்றுள் முன்னதே இன்று பெருவழக்கு. பின்னதற்குச் சான்றாக நிற்கும் பழைய நூலொன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மருத்துவத்துக்கும் தமிழாசிரியருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். தேர்வு நடத்துவோர் அனைவருக்கும் இதில் தொடர்பு உண்டு.

நூலின் பெயர் ‘பாய்ஸ் இன் ஒயிட்’. வெள்ளுடைப் பிள்ளைகள் எனலாம். ஹோவர்ட் பெக்கர், பிளாஞ்ச் கீர், எவரெட் ஹியூஸ், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் நால்வர் ஆக்கி, 1961-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியே அவர்தம் களம். அதற்கு முன் 1957-இல் ராபர்ட் மெர்ட்டன் குழுவினர் வெளியிட்ட நூல், மாணவனை வளர்ந்துவரும் மருத்துவனாகக் கண்டது. இந்நால்வரோ அவனை மாணவனாகவே கண்டனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

முதலாண்டு மாணவன் பெரிய எண்ணங்களோடு வருகிறான். மருத்துவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் கற்றே தீருவேன் என்று இரவு பகலாய்ப் படிக்கிறான். சில வாரங்களில், அத்தனையையும் கற்பதற்கு நாளில் நேரம் இல்லை என்பது விளங்கிவிடுகிறது. அப்படியானால் எதை விடுவது? பிற்காலத் தொழிலுக்கு உதவாததை விடலாம் என்பர் சிலர். ஆசிரியர் கேட்க மாட்டார் என்று தோன்றுவதை விடலாம் என்பர் வேறு சிலர். தேர்வு நெருங்க நெருங்க எல்லாரும் இரண்டாம் கட்சிக்கே வந்து சேர்கின்றனர். ஆசிரியர் விரும்புவது யாது என்பதே படிப்பாகிவிடுகிறது. இதைப் படிக்கையில் எமக்குச் சிறிது நாணமாகவே இருந்தது. இலக்கணத் தாளுக்கு ‘முக்கிய வினாக்கள்’ குறித்துக் கொடுத்த கைகள் நம் கைகளே அல்லவா?

நூலாசிரியருள் ஒருவரான பெக்கர் பின்னாளில் எழுதிய ஒரு செய்தி மிகச் சுவையானது. நோயாளியொருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாணவன், அந்த ஆளைக் ‘கிராக்’ என்று சொன்னான். அச்சொல்லுக்குப் பொருள் யாது என்றார் பெக்கர். உடலில் நோயின்றி மனக்காரணத்தால் முறையிடுபவர் என்றான். அப்படியாயின் குடற்புண்ணோடு வந்தவர்? அதற்கும் மனமே காரணம் என்பார்களே என்று மடக்கினார். இல்லை, அவருக்கு உண்மையிலேயே புண் இருக்கிறது என்றான் மாணவன். மேலும் மேலும் வினவியதில் உட்பொருள் வெளிவந்தது: நேரத்தை விழுங்கிவிட்டுக் கற்பதற்கு ஒன்றும் தராத நோயாளியே கிராக். ஒரு வசைச்சொல்லின் பொருளைத் துருவியதில், மாணவர் கல்லூரியை எந்தக் கண்கொண்டு நோக்குகின்றனர் என்பதே விளங்கிவிட்டது. சொல்லாராய்ச்சி என்று நாம் பாராட்டுவதும் இதைத்தானே!

இனி வினாத்தாள் வழிக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவாகி 1997-இல் வெளியான ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மலேசியக் கல்லூரிகளிலும் அதைக் கையாண்டுள்ளனர். அதன் சுருக்கப் பெயர் டிரீம். (கனவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போன்றே அது ஒலிப்பதை நாம் குறையாகச் சொல்லவில்லை.) அதில் 50 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, ஆகக் கூடியது 200. மொத்தம் 101 முதல் 150 வரை வந்தால், குறையினும் நிறையே மிகுதி என்பது வழிகாட்டுவோர் தரும் பொருள். தனிக்கூற்று ஒன்றின் சராசரி 2-க்கு மேல் ஏறவில்லையாயின் அவ்விடத்தில் பழுதுண்டு என்று கொள்வர். விரைவானது, செலவு குறைந்தது, ஆண்டுக்காண்டு ஒப்பிட வல்லது. இந்நலன்களை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஆசிரியர் சினப்பதால் 120 பெற்ற கல்லூரியும், சோர்வு மிகுந்ததால் 120 பெற்ற கல்லூரியும் மொத்த எண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. இதனைக் கூற்றுகளைத் தனித்தனியே நோக்கித் தீர்த்துக்கொள்ளலாம். தீராத குறை வேறு. கான்சஸில் ஆராய்ந்தவர்கள், மாணவன் தானாகச் சொன்னதையும் தாம் கேட்டதனால் சொன்னதையும் பிரித்து எண்ணினர். தம்மிடம் தனியே சொன்னதா, தோழர் நடுவே சொன்னதா என்றும் பிரித்தனர். வினாத்தாளில் வருவனவெல்லாம் கேட்டுப் பெற்ற சொற்களே. ஆசிரியர் விரும்புவது யாதென மோப்பம் பிடிக்கவே பயின்ற ஒருவனிடம் கல்லூரியே ஒரு தாளை நீட்டினால், அவன் அதையும் தேர்வுத் தாளாகக் கொள்ள மாட்டான் என்பதற்கு என்ன உறுதி? தாளில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழக்கம் போய்விடுமா?

பழைய நூலிலும் குறைகள் இல்லாமல் இல்லை. அது ஒரே கல்லூரியைப் பற்றியது; பெண்பாலார் அதன் பெயரிலேயே இடம்பெறவில்லை. மாணவரின் உயர்ந்த எண்ணம் அழிவதில்லை, ஒதுக்கி வைக்கப்பட்டுப் படிப்பு முடியும் காலத்தில் மீள்கிறது என்று அது கூறுவது ஆறுதல் தருவதே. ஆனால் ஒதுக்கி வைத்த ஆண்டுகளில் எதிரே படுக்கையில் கிடந்தவர் நிலை என்ன? கிராக் என்று பெயர் பெற்ற நோயாளி, தம்மைத் தொட்டுப் பார்த்துச் சலித்துக்கொண்ட அப்பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்க நால்வருள் ஒருவரும் அவரருகே அமரவில்லை.