சாரலுக்குப் பூக்கும் காசித்தும்பை

ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் செங்கோட்டைக்குள் இறங்கியதும் முற்றத்து ஓரம் காசித்தும்பை விதையைத் தூவிவிடுவேன். மேலே லேசாக மண் போட்டால் போதும், ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஆவணியில் ரோஸ், வெள்ளை, ஊதா என்று இலைக்கக்கமெல்லாம் பூ. பூவின் பின்னால் வால் மாதிரி மெல்லிய குழல். தேன் இருப்பது அதில்தான்.

தண்டு முழுக்க நீர். ஒருநாள் காய்ந்தாலும் துவண்டுவிடும், வேரில் தண்ணீர் தேங்கினாலோ அழுகிவிடும். மணலும் மக்கிய சாணியும் கலந்து, கொஞ்சம் மேடாக வைத்தால் பிழைத்துக்கொள்ளும். இதன் காட்டு உறவுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பாறைகளில் எத்தனையோ உண்டு.

முற்றிய காயைத் தொட்டால் சட்டென்று வெடிக்கும். தோல் புழுவாகச் சுருள, விதை தெறிக்கும். அதற்காகவே பேத்தி காலையில் எழுந்ததும் செடியிடம் ஓடுகிறாள். அடுத்த ஆனிக்கு நாலு காயாவது விட்டுவை என்று சொல்லியிருக்கிறேன்.