நாய் காவல் இருக்கும் கொல்லைக்கு எந்தக் கோழி?

திருவானைக்காவலைத் தாண்டிக் கல்லணைச் சாலையில் போனால் திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி என்று வாழைக் கொல்லைகளும் அவற்றுக்கு நடுவே தோப்பு வீடுகளும் வரும். கொல்லைக்கு வேலி போட்டதும் நாய் வருகிறது, பின்னாலேயே கோழியும் வருகிறது. கீரியும் மரநாயும் உலவும் படுகையில் நாய் இல்லாமல் கோழி தங்காது. நாய் இருந்தாலும் தங்குமா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஊரில் தயாராக ஒரு பதில் உண்டு: நாய்க்கு அஞ்சாத பறவையாகப் பார்த்து வாங்கு. கின்னிக்கோழி வாங்கு, வான்கோழி வாங்கு, கழுத்தை நீட்டிச் சீறும் கூஸ் வாத்து வாங்கு, இல்லையென்றால் காலாலேயே உதைத்து விரட்டும் அசில் சேவலை விடு. இந்த யோசனையில் உண்மை இருக்கிறது. வளர்ந்த கூஸ் வாத்தை எதிர்கொள்ளும் நாய் பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும். ஏழெட்டுக் கிலோ வான்கோழிச் சேவல் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு வந்தால் குட்டி நாய் கட்டிலுக்கு அடியில் ஒளியும். யானையையே ஒரு கோழி விரட்டியதாகக் கதை சொல்லி உறையூரைக் கோழியூர் என்றழைத்த ஊர்க்காரர்களுக்கு இதை நம்புவது எளிது. ஆனால் கதையில் யானை ஒன்றுதான். நாய்கள் இரண்டு மூன்றாக வரும்.

வளர்ந்த பறவையின் தைரியத்தை மட்டும் அளந்து பார்ப்பதுதான் இந்த யோசனையின் கோளாறு. கொல்லையில் இழப்பு பெரும்பாலும் குஞ்சுப் பருவத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நாய் விளையாடினால் சாகும். ஒரு வயது நிரம்பாத நாய்க்குப் பசியே தேவையில்லை. கீச்சென்று கத்திக்கொண்டு உருளும் எதையும் அது முன்னங்காலால் அமுக்கிப் பார்க்கும். ஆகவே ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது தன் குஞ்சை எப்படி வளர்க்கிறது என்பதைத்தான்.

அப்படிப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. கின்னிக்கோழி காவலுக்குக் கெட்டிக்காரப் பறவை. பாம்பைக் கண்டாலும் புது ஆளைக் கண்டாலும் ஊரையே கூட்டும், இரவில் மரத்தில் ஏறிவிடும். ஆனால் தாய்மையில் மோசம். புதருக்குள் தரையில் ஒளித்து முட்டையிட்டு அங்கேயே அடைகிடக்கும். அந்த நாட்களில் நாய்க்கும் கீரிக்கும் எட்டும் உயரத்தில் இருக்கும். பொரித்த குஞ்சுகளைப் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு ஓடிப் பாதியைத் தொலைக்கும். வான்கோழிக் குஞ்சு முதல் சில வாரங்கள் தானாகத் தீனி பொறுக்கவே தடுமாறும். வாத்து இரவில் தரையில்தான் படுக்கும். துரத்தினால் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஒரே பக்கம் ஓடும். நாய்க்கு இதைவிட ஆசை காட்டும் விளையாட்டு இல்லை. மணிலா வாத்து மட்டும் விதிவிலக்கு. முப்பத்தைந்து நாள் தானே அடைகிடக்கும், நகம் உள்ள காலால் பிறாண்டும், குஞ்சுக்காகச் சண்டைக்கும் நிற்கும். வாய்க்கால் ஓடும் திருவரங்கத் தீவுக்கு அது பொருந்துகிறது. பக்கத்துக் கொல்லைக்குப் பறந்துபோய் வம்பு வாங்கிவருவதுதான் தொல்லை.

என் ஓட்டு சிறுவிடைக்கே. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று முன்பின்னான நாட்டுப் பெட்டை அது. பார்வைக்கு அழகில்லை, ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருபத்தொரு நாள் அடைகிடந்து எழுந்தபின் அது வேறு பறவை. சிறகை விரித்துக்கொண்டு நாயின் மூக்கில் நேராகப் பாயும். பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட குட்டி நாய் இப்படி இரண்டு முறை கொத்து வாங்கினால், மனிதர் மாதக்கணக்கில் அதட்டிக் கற்றுத்தருவதை அது அங்கேயே படித்துவிடும். தாய் குரல் கொடுத்த நொடியில் குஞ்சுகள் வாழைக்கட்டைக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. கின்னி முட்டையையும் வாத்து முட்டையையும் கூடுதலாக ஒரு வாரம் உட்கார்ந்து பொரித்துத் தருவதும் இதே கோழிதான். கின்னி வளர்த்தே தீருவேன் என்பவருக்கும் முதலில் இது வேண்டும்.

இந்த இடத்தில் புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கிய இனங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் தந்த வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஏழை வீடுகளுக்கு முட்டையும் வருமானமும் கொண்டுவந்தவை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. கிராமப்பிரியா நாட்டுக்கோழியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும். ஆனால் அடைகிடக்கும் குணம் குறைந்ததால்தான் அவ்வளவு முட்டை. தாய் இல்லாமல் பொரிப்பானில் பிறந்து, விளக்குச் சூட்டில் வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று கொல்லையில் இறக்கிவிடப்படும் குஞ்சுக்கு நாய் என்றால் என்னவென்று சொல்லித்தர ஆளில்லை. உடல் கனத்தால் வனராஜா மரத்தில் தாவி ஏறுவதும் கடினம். இவற்றை வளர்க்கலாம், ஆனால் வலையடித்த கூண்டுக்குள். நாயோடு அவிழ்த்துவிட உகந்தவை அல்ல. கொட்டப்பட்டில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்குப் போகிறவர்கள் எத்தனை முட்டை இடும் என்று கேட்பதோடு, அடைகிடக்குமா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

கோழியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பாதிப் பதில் நாயிடம் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்க வளர்த்த இனங்கள். படபடவென்று ஓடும் கின்னிக்கோழி அவற்றின் கண்ணுக்கு முயல்தான். 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயின் பெருமையை நம்பி அதைக் கோழிக்கொல்லையில் விடுகிறவர்களும் குட்டியிலிருந்தே பழக்கினால் ஒழிய நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகரை ஒட்டிய சிறு தீவில் நரிகளிடமிருந்து பென்குயின்களைக் காக்க 2006இல் மரெம்மா என்ற இத்தாலிய மந்தைக் காவல் நாய்களை விட்டார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர். வேட்டைக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்த இனம் அது. அதற்காக அந்தச் சடைமுடி நாயைத் திருச்சியின் நாற்பது டிகிரி வெயிலுக்கு வரவழைப்பது பாவம். நம் பக்கத்து நாட்டு நாயே போதும். கோழி பிடிக்கும் நாயை எந்த ஊரும் வெகுநாள் வைத்துக்கொள்வதில்லை. எனவே கோழி மேயும் தெருவிலேயே பிறந்து வளர்ந்த தாயின் குட்டியை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். செத்த கோழியை அதற்குத் தூக்கிப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு போட்டுப் புதைத்தால் நோயும் பரவாது, நாய்க்கு இறகின் ருசியும் பழகாது.

நாய்க்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழி ஓடாது, கூனிக்குறுகி நிற்கும். நாய் அதைத்தான் முதலில் பிடிக்கும். பிறகு கொல்லையில் செத்ததெல்லாம் நாயின் பேரில் எழுதப்படும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கூடையோடு போய்வந்த வீடுகளில் நாயின் பேரில் குற்றமும் குறைகிறது.

மணப்பாறை, மணிகண்டம் பக்கத்து வறண்ட காடுகளில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே இடம் அகலம், வீடுகள் தள்ளித் தள்ளி. கின்னியின் சத்தம் யாரையும் உறுத்தாது, ஈரப்புல்லில் குஞ்சு விறைக்கும் பயமும் குறைவு. சிறுவிடையோடு பத்துக் கின்னி சேர்த்து விடலாம். திருவரங்கத் தீவுக்குள், மாநகராட்சி எல்லையை ஒட்டிய கொல்லைகளில் தொல்லை வேறு: தெருநாய். கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. ஆகவே அவை அங்கேயேதான் இருக்கும். வீட்டு நாய் தனியாக இருக்கையில் கோழிக்குக் காவல். வேலிக்கு வெளியே இரண்டு தெருநாய்களோடு சேர்ந்து திரும்பிய இரவில் அதுவே வேட்டைக்காரன். அந்த இரவுக்கு எந்த இனமும் விடையாகாது. அந்தியில் எண்ணி அடைத்து, வாத்தென்றால் காலை எட்டு மணிவரை திறக்காமல் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான முட்டையை அது அதற்குள் கூட்டிலேயே இட்டுவிடும் என்பது கூடுதல் லாபம்.