விழுப்புண்ணும் வேப்பிலையும்

புறப்பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்களுள் ஒன்று விழுப்புண். மார்பில் ஏற்ற புண் பெருமை. முதுகில் பட்ட புண் இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த செய்தியைக் கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் பாடியுள்ளனர். விழுப்புண் பெறாத நாளை வாழ்நாட்கணக்கில் சேர்க்காத படைச்செருக்கைத் திருக்குறளும் கூறும். இவ்வளவில் பாடம் முடிந்துவிடுகிறது. பழந்தமிழர் புண்ணை ஓர் அணிகலனாகவே கண்டனர் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். அந்தப் புண்ணைத் தைத்தவர் யார், மருந்திட்டவர் யார், இரவெல்லாம் அதன் அருகே விழித்திருந்தவர் யார் என்ற வினாக்கள் அவனுக்கு எழுவதில்லை.

பாடல்களோ இவ்வினாக்களுக்கு விடை சொல்கின்றன. அவ்விடைகளை விட்டுவிட்டுப் படித்தால் புறத்திணையில் பாதியே கைக்கு வரும்.

ஊசியும் பஞ்சும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பரணர் பாடியது. தலைவன் சேரன் செங்குட்டுவன். அப்பத்தின் இரண்டாம் பாடலில் வீரர் மார்பின் வடுக்களைப் புலவர் பேசுகிறார். மீன் தேடும் சிச்சிலிப் பறவை குளிர்ந்த கயத்துள் பாய்ந்து மூழ்கி மேலெழுகிறது. நீண்ட வெள்ளூசியும் அவ்வாறே புண்ணுள் இறங்கி மேலெழுந்து தைத்துச் செல்கிறது. இதனை விரைவுக்கும் தோற்றத்துக்கும் ஏற்ற உவமை என்று பாராட்டி அமைவது வழக்கம். அதனினும் நுட்பமான ஒன்று இதில் உண்டு. உவமை வீரனுக்குக் கூறப்படவில்லை, ஊசிக்குக் கூறப்படுகிறது. புலவரின் கண் வீரனுடைய முகத்தை விட்டுவிட்டுத் தைப்பவனின் கையோடு போய்வருகிறது. அந்தக் கைக்குரியவனுக்குப் பாட்டில் பெயரில்லை. ஆயினும் அவன் தொழிலைப் பரணர் அருகிருந்து கண்டவர் போலவே பாடுகிறார்.

புறநானூற்றில் காரிக்கண்ணனார் பாடிய மகட்பாற்காஞ்சி ஒன்று உண்டு. பெண்ணைக் கேட்டு வருவோனிடம் அவளுடைய தமையன்மாரின் வீரத்தைச் சொல்ல வந்த புலவர், புண்ணில் வைத்த பஞ்சினை இன்னும் எடுக்காதவர்கள் அவர்கள் என்கிறார். அச்சுறுத்தும் இடத்திலும் மருந்துப் பஞ்சு வந்து நிற்கிறது.

வெள்ளைமாளர் பாட்டில் ஊரே மருத்துவச்சாலை ஆகிவிடுகிறது. ஒரு வீட்டில் வேப்பங்கொம்பு ஒடிக்கிறார்கள். ஒரு வீட்டில் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். நெய் தோய்ந்த கையோடு வெண்சிறுகடுகைப் புகைக்கிறார்கள். எல்லா வீடுகளிலும் ஆரவாரம். அரிசில் கிழாரின் பாட்டு (புறம் 281) அவ்வீடுகளுள் ஒன்றின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கிறது. இரவ இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்க, மையை மெல்லப் பூசி, கடுகைத் தூவி, குழலூதி, மணியடித்து, நறும்புகை எழுப்பி, வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தான் தாங்கியவனின் புண்ணைக் காக்கலாம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள்.

இவை பேயை ஓட்டும் சடங்குகளேயன்றி மருத்துவம் ஆகா என்பாருண்டு. பழந்தமிழர் நோய்க்கிருமியை அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவாரும் உண்டு. இரண்டு முடிவும் பாட்டைவிட்டு விலகியவை. ஊசி, பஞ்சு, நெய், இலை ஆகியன கண்கூடான மருத்துவப் பொருள்கள். மணியும் யாழும் பாட்டும் அச்சத்தில் பிறந்தவையாகவே இருக்கட்டும். அவை நடைபெறும் வரையில் நோயாளியின் அருகே ஓர் ஆள் விழித்திருக்கிறாள். கடும் புண்பட்டவனுக்கு அதுவே பெரிய உதவி.

சுற்றம் இல்லாதவன்

தொல்காப்பியர் இதனை எங்கே வைத்தார் என்பது சிந்தித்தற்குரியது. போரைப் பேசும் தும்பையில் வைக்கவில்லை; நிலையாமையைப் பேசும் காஞ்சியில் வைத்தார். அங்கும் இரண்டு துறைகளாகப் பிரித்தார். புண்பட்டவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காத்தல் ஒன்று; அது தொடாக்காஞ்சி. காக்கும் சுற்றம் இல்லாமையால் அவனருகே பேயே காவலிருத்தல் மற்றொன்று. இரண்டிலும் புண் ஒன்றே, வீரமும் ஒன்றே. வேறுபாடு அருகிருக்கும் ஆளில்தான். ஒரு வீரனின் இறுதி நிலையை வாளும் வேலும் முடிவு செய்வதில்லை, சுற்றம் முடிவு செய்கிறது என்பதை இந்தப் பாகுபாடு சொல்லாமற் சொல்கிறது.

நெடுநல்வாடையைக் குறித்து நெடுநாளைய வழக்கு ஒன்றுண்டு. பிரிவுத்துயரைப் பாடும் அப்பாட்டில் தலைவன் பெயர் இல்லை. ஆனால் வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனுக்குரிய அடையாளம் ஆதலின் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். இலக்கண நெறியில் இது பொருந்தும். ஆனால் அவ்வேல் எங்கே வருகிறது என்று நோக்க வேண்டும். வாடை வீசும் நள்ளிரவில், விளக்குகள் அசைய, தூறல் விழ, உறக்கமற்ற வேந்தன் பாசறையில் புண்பட்டோரைக் காண வருகிறான். வேப்பந்தழை கட்டிய வேலேந்தியவன் முன்சென்று ஒவ்வொருவராகக் காட்டுகிறான். வேந்தன் முகமலர்ச்சியோடு அவர்களைப் பார்த்துச் செல்கிறான். தழையை நீக்கிவிட்டாலும் இக்காட்சி இருக்கும் வரையில் பாட்டு புறமே ஆகும். நக்கீரர் அரண்மனையில் ஒரு துயரையும் பாசறையில் பல துயர்களையும் எதிரெதிரே வைத்தார். ஒரு தழையைப் பற்றி வாதிட்டவர்கள் படுத்திருந்தவர்களைக் காணாமல் கடந்தனர்.

ஒரே வேம்பு வேலில் கட்டினால் வேந்தனின் அடையாளம். வீட்டில் செருகினால் புண்ணுக்குக் காவல். பிற்காலத்தார் முன்னதையே நினைவில் வைத்தனர்.

அர்த்தசாஸ்திரம் படையின் பின்னே கருவிகளும் எண்ணெயும் துணியும் கொண்ட மருத்துவர்களையும், உணவும் நீரும் ஏந்திய பெண்களையும் நிறுத்தச் சொல்கிறது. சுசுருத சங்கிதையில் படையோடு செல்லும் மருத்துவனுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஐரோப்பாவில் 1859ஆம் ஆண்டு சோல்பெரினோப் போருக்குப் பின், அருகிலிருந்த கஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் எந்தப் படையினர் என்று பாராமல் புண்பட்டோரைக் காத்ததை ஹென்றி துனாந்த் நேரில் கண்டார். அவர் எழுதிய நூலின் பயனாக 1864இல் ஜெனீவா உடன்படிக்கை தோன்றியது. அரசுகள் சட்டமாக எழுதும் முன்பே வீடுகள் இத்தொழிலைச் செய்து வந்தன என்பதற்கு வெள்ளைமாளர் பாட்டும் ஒரு சான்று.

தோட்டத்துப் பிள்ளைகள்

தொல்காப்பியர் கண்ட இரு நிலைகளும் ஏட்டளவில் நின்றவை அல்ல. கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழருக்கு அவை வாசல்வரை வந்தன. 1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் கடல்வழியே கோல சிலாங்கூரில் இறங்க முயன்றனர். முதலில் பீரங்கிகள் அவர்களை விரட்டின. பின்னர் அவர்கள் கரையேறிப் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் முன்னேறினர். ரப்பர் மரங்களுக்கு நடுவே பிரிட்டிஷ் இந்தியப் படையினர் போரிட்டனர். 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது.

அதன்பின் தோட்டத்துத் தமிழர் இரண்டு வழிகளில் வெளியேறினர். பல்லாயிரவர் சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய படை மருத்துவர்களாவது உடனிருந்தனர். தோட்டத்தில் காய்ச்சலுக்கு மருந்து தந்த டிரஸர்கூட இல்லாமல், காலில் புண் பழுத்துக் காட்டிலே கிடந்த கூலியாளே சுற்றமற்றவன். பேய் காவலிருந்த துறை அவனுடையது.

மற்றொரு வழி இந்திய தேசிய ராணுவம். 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையின் பெண்களுள் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர். அதன் தலைவி டாக்டர் லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு வைத்தியம் செய்தவர். 1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்து, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பசியும் வாட்டிய வீரர்கள் பின்வாங்கி வந்தபோது, மேமியோ மருத்துவமனையில் இப்பெண்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர். துப்பாக்கி ஏந்தப் பயிற்சி பெற்ற கைகள் புண்ணைக் கழுவின. தாயும் மனைவியும் எட்ட முடியாத தொலைவில், முன்பின் அறியாத பெண்கள் சுற்றம் ஆனார்கள். தொடாக்காஞ்சியின் இலக்கணத்தை அவர்கள் விரிவாக்கினர் என்றே கொள்ளலாம்.

இவ்வரலாறு எழுத்தில் எவ்வாறு வந்துள்ளது? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் ரயில்பாதைத் துயரை இலக்கியமாக்கின. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ தேசிய ராணுவத்தைப் பொருளாகக் கொண்டது. இவை மலேசியத் தமிழர் மறக்கலாகாத நூல்கள். ஆனால் மேடைப் பேச்சும் விழாமலர்க் கவிதையும் ஜான்சி ராணிப் படையைப் பேசும்போது, சீருடையையும் அணிவகுப்பையும் முழக்கத்தையும் தாண்டுவதில்லை. மேமியோவில் ஓர் இரவு எப்படிக் கழிந்தது என்று அவை கேட்பதில்லை. விழுப்புண்ணைப் பாடி வேப்பிலையை விட்டுவிடும் வகுப்பறைப் பழக்கமே இங்கும் தொடர்கிறது. பணிவிடையைப் பாடுவது வீரத்தைக் குறைப்பதாகும் என்ற எண்ணம் இதற்கு அடிப்படையாக இருக்கலாம். பரணரும் நக்கீரரும் அரிசில் கிழாரும் அவ்வாறு எண்ணவில்லை.

அக்காலத்தைக் கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் ஊர் ஊராகச் சிதறிவிட்டனர். ஆனால் பேரப்பிள்ளைகள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கின்றனர். அவர்களுக்கு விழுப்புண் என்ற சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அரிசில் கிழாரின் பாட்டையும் அடுத்த நாளே நடத்த வேண்டும். மாரியம்மன் கோயில் வேம்பைக் காட்டி, அந்த இலையை அன்று ஏன் வீட்டில் செருகினார்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு, “உங்கள் வீட்டிலிருந்து பர்மாவுக்கோ சயாமுக்கோ போனவர் உண்டா? அவர் நோயாய்க் கிடந்தபோது அருகே இருந்தவர் யார் என்று பாட்டியைக் கேட்டு வா” என்று அனுப்ப வேண்டும். சில வீடுகளில் விடை கிடைக்கும். சில வீடுகளில் அருகே எவரும் இருந்ததில்லை என்பதே விடையாக வரும். இரண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். தொல்காப்பியர் இரண்டுக்கும் துறை வகுத்திருக்கிறார்.