அழைக்கப்படுவோரும் காட்டப்படுவோரும்: விளம்பரம், இதழ், இசைக்காணொளி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மக்கள் தொடர்புச் சாதனங்களைப் பற்றிப் பேசும்பொழுது அவற்றில் மலிந்துள்ள ஆபாசத்தையும் வன்முறையையும் கண்டிப்பதோடு திருப்பணியாளராகிய நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அவை கண்டிக்கத்தக்கனவே. ஆயினும் கண்டிப்பு வேறு, ஆய்வு வேறு. ஒரு விளம்பரமோ, இதழின் அட்டைப்படமோ, இசைக்காணொளியோ நம்முன் வரும்பொழுது இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இது யாரை நோக்கிப் பேசுகிறது? இது யாருடைய முகத்தைக் காட்டுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடைதான் இருக்கும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அழைக்கப்படுவோர் ஒரு சாராராகவும் காட்டப்படுவோர் வேறொரு சாராராகவும் இருப்பதிலேயே இச்சாதனங்களின் ஆற்றலும் தீங்கும் அடங்கியுள்ளன என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. வாசகரே சரக்கு

தமிழ்நாட்டில் வார இதழும் விளம்பரமும் ஏறத்தாழ ஒருங்கே வளர்ந்தவை. 1926இல் தோன்றிய ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கிப் பெருவழக்காக்கிய எஸ்.எஸ். வாசன் அதற்குமுன் விளம்பரத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர் என்பது கவனிக்கற்பாலது. இதழின் விலையைக்கொண்டு மட்டும் இதழை நடத்த இயலாது. விளம்பர வருவாயே அதனைத் தாங்குகிறது. கனடா நாட்டுப் பொருளியல் அறிஞர் டல்லாஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்தார். இச்சாதனங்கள் உண்டாக்கி விற்கும் சரக்கு கதையும் செய்தியும் அல்ல, அவற்றை நாடிவரும் மக்களே. அவர்களை வாங்குவோர் விளம்பரதாரர் என்பது அவர் வாதம்.

இவ்வாறு நோக்குங்கால், மகளிர் இதழ், இளைஞர் இதழ், பக்தி இதழ் என்று வாசகரைப் பிரிப்பதன் உட்பொருள் தெளிவாகும். விற்பதற்கு வசதியாகச் சரக்கைத் தரம் பிரிப்பதுபோன்றதே இது. பட்டுப்புடவையும் தங்கமும் சமையற்கருவியும் வாங்கக்கூடிய இல்லத்தரசியை நோக்கியே மகளிர் பக்கங்கள் நெடுநாள் பேசிவந்தன. நாற்று நடும் பெண்ணும் பெண்ணே. ஆயினும் விலைபோகாத வாசகரை யாரும் அழைப்பதில்லை.

இந்நிலையை மாற்றியது ஒரு சிறு பை. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு சாஷேக்களில் அடைத்து விற்க வழிகாட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் பின்னர் கெவின்கேர் என்னும் பெருநிறுவனமாயிற்று. சில்லறைக் காசுக்குப் பொருள் கிடைத்தபொழுது, அதுவரை பொருட்படுத்தப்படாத கூலித்தொழிலாளியும் விளம்பரத்தின் செவிக்குரியவரானார். இப்போது அவர்களும் அழைக்கப்பட்டனர். ஆனால், காட்டப்பட்டனரா?

2. ஒரு கிரீமின் வரலாறு

இவ்வினாவுக்கு விடை காண ஒரு பொருளின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் கிரீமை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘சிவப்பழகு’ என்னும் சொல் தமிழில் வழக்கூன்றியதில் இத்தகைய கிரீம்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1998இல் கெவின்கேர் நிறுவனம், குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று கூறி ‘ஃபேர்எவர்’ கிரீமை வெளியிட்டது. கருவுற்றவள் குங்குமப்பூ கலந்த பாலைப் பருகினால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கை நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ளது. ஆகவே விளம்பரம் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. பாட்டி சொன்னதையே பொட்டலம் கட்டி விற்றது.

இந்நம்பிக்கை தமிழரின் பழைய அழகுணர்வோடு ஒத்ததன்று. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகாகப் போற்றப்படுவது மாந்தளிர் போன்ற ‘மாமை’ நிறம். பிரிவுத் துயரால் அம்மாமை கெட்டு, மேனி வெளிறிப் படரும் ‘பசலை’ நோயாகவே கூறப்படுகிறது. அன்று நோயெனக் கருதப்பட்ட வெளிறலை நலமென்று காட்டும் நிலைக்கு நாம் வந்துள்ளோம்.

இக்கிரீமின் விளம்பரங்களுள் பெரும் கண்டனத்துக்குள்ளான ஒன்றைக் காண்போம். தனக்கு ஆண்மகன் இல்லையே என்று வறுமையுற்ற தந்தை ஏங்குகிறார். மகள் அதனைக் கேட்கிறாள், கிரீமைப் பூசுகிறாள், நிறம் வெளுக்கிறது, விமானப் பணிப்பெண்ணாக வேலை கிடைக்கிறது, குடும்பம் வாழ்வடைகிறது. இதன் அமைப்பை நுணுகி ஆராய்தல் தகும்.

இவ்விளம்பரம் அழைப்பது கறுத்த நிறமுள்ள ஏழைப் பெண்ணை. அவளுடைய முகம் தொடக்கத்தில் காட்டப்படுவதும் உண்மையே. எனினும் அது மறைவதற்காகவே அங்கு வைக்கப்பட்டுள்ளது. கதை முடியும்பொழுது திரையில் இருப்பவள் அழைக்கப்பட்டவள் அல்லள். அவள் எவளாக வேண்டும் என்று விளம்பரம் விரும்புகிறதோ அவளே. ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் பெர்ஜர் 1972இல் விளக்கியவாறு, பொருளை வாங்கியபின் தான் அடையப்போகும் உருவத்தைக் கண்டு இன்று தன்மேலேயே பொறாமைகொள்ளுமாறு விளம்பரம் ஒருவரைத் தூண்டுகிறது.

இதனினும் ஆழமான தீங்கு ஒன்று உண்டு. அப்பெண்ணின் துன்பம் கற்பனையன்று. வேலையில்லாமை, வரதட்சிணை, பெண்மகவை இழிவாகக் கருதுதல், பெண் பார்க்க வருவோர் நிறத்தைக் கூறித் தட்டிக்கழித்தல் ஆகிய யாவும் உண்மை. விளம்பரம் இவற்றை மறைக்கவில்லை, துணிந்து எடுத்துரைக்கிறது. எடுத்துரைத்தபின், இவற்றின் காரணத்தைச் சமுதாயத்திலிருந்து பெயர்த்து அவளுடைய கன்னத்தில் ஏற்றிவிடுகிறது. ஊரார் செய்யும் அநீதி அவளுடைய தோலின் குறையாகிவிடுகிறது. பாவத்தின் பொறுப்பை யார்மேல் சுமத்துவது என்பதை முறையாகப் பயிலும் இறையியல் மாணவர் இவ்விடமாற்றத்தைக் காணாது செல்லலாகாது.

3. ஒரு பாட்டும் ஓர் அட்டைப்படமும்

விளம்பரத்தில் கண்டது இசையுலகிலும் உண்டா? 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் இசைக்காணொளி பலகோடி முறை பார்க்கப்பட்டது. தீ, அறிவு ஆகிய இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை வடிவமைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே இப்பாட்டுக்கு ஊற்று என்று அறிவு கூறியுள்ளார். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் தாயகம் எனப்பட்ட அயலூருக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கான மலையகத் தமிழரின் நினைவு இதில் உறைந்துள்ளது. நிலமற்றோர் பலரால் பார்க்கப்பட்டதோடு, தம் உருவிலும் தம் ஒப்பாரி மரபிலும் தம்மையே கண்டனர் என்பது இதன் சிறப்பு.

அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு இப்பாட்டின் வெற்றியையும் ‘நீயே ஒளி’ பாட்டையும் முன்னிட்டு ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்ட பலர் இதனை வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் தன் இணையப் பதிப்பின் அட்டையில் அறிவின் படத்தை வெளியிட்டது.

அவ்விரு கலைஞரின் தகுதியை ஐயுறுவதோ, இதழாசிரியருக்கு உள்நோக்கம் கற்பிப்பதோ நம் கருத்தன்று. உள்நோக்கம் இல்லாமலே இது நிகழக்கூடும் என்பதுதான் ஆய்வுக்குரியது. அட்டைப்படம் என்பது இதழ் தனக்குத் தானே செய்துகொள்ளும் விளம்பரம். நகர்ப்புற ஆங்கில வாசகருக்கு எம்முகம் இசைவானது என்னும் கணிப்பு அதில் எப்போதும் கலந்திருக்கும். தோட்டத் தொழிலாளியின் குரல் விலைபெற்றபின்னும் முகம் விலைபெறக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

4. பார்ப்போர் மந்தையல்லர்

இதுவரை கூறியதைக்கொண்டு மக்கள் அனைவரும் ஏமாளிகள் என்று முடிவுசெய்தல் தவறாகும். ஒரு செய்தியைப் பெறுவோர் அதனை அனுப்பியவர் கருதியபடியே ஏற்கலாம், ஓரளவு திருத்தி ஏற்கலாம், முற்றிலும் எதிர்த்தும் வாசிக்கலாம் என்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எடுத்துக்காட்டினார். நம் நாட்டு நிகழ்ச்சிகள் இதனை மெய்ப்பிக்கின்றன. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் மேற்கூறிய கிரீமின் விளம்பரங்களை எதிர்த்து முறையிட்டதன் பயனாக 2003இல் அவை நிறுத்தப்பட்டன. 2009இல் சென்னையைச் சார்ந்த பெண்கள் அமைப்பொன்று கறுப்பே அழகு என்னும் பரப்புரையைத் தொடங்கிற்று. கறுத்த நிறத்தோரை அழகற்றவராகவோ வாழ்வில் தோற்றவராகவோ காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014இல் நெறி வகுத்தது. 2019இல் நிற அளவுகோல் உறையிலிருந்து நீக்கப்பட்டது. 2020இல் கிரீமின் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ என மாறிற்று.

எனினும் பெயர் மாறியதால் அழைப்பு மாறிவிட்டதா? சிவப்பு என்னும் சொல் சென்று ஒளிர்வு என்னும் சொல் வந்துள்ளது. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பொருளில் பழகிய செவிக்குப் புதிய சொல்லும் பழைய பொருளையே தரக்கூடும்.

5. நம் கையிலுள்ள நூலும் இதழும்

பிறருடைய அட்டைப்படத்தை ஆராய்ந்த நாம் நம் மேசையையும் பார்த்தல் வேண்டும். உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் பெண்ணொருத்தி தான் கறுப்பு என்றும் அழகு என்றும் கூறுகிறாள். இவ்விரண்டையும் இணைக்கும் எபிரேய இடைச்சொல்லை ‘உம்’ என்றும் கொள்ளலாம், ‘ஆனால்’ என்றும் கொள்ளலாம். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு முன்னதைக் கொண்டது. இலத்தீன் வுல்காத்தா பின்னதைக் கொண்டது. நம் பழைய தமிழ்த் திருப்புதல் ‘ஆலும்’ என்னும் விகுதியை இட்டு, கறுமையை அழகுக்குத் தடையாகவும் அழகை அத்தடையை மீறியதாகவும் ஆக்கிவிட்டது. அடுத்த வசனமோ அவளுடைய நிறத்துக்குக் காரணம் கூறுகிறது. வெயிலில் திராட்சத்தோட்டம் காக்கும்படி பிறர் அவளை ஏவினர். அவள் ஒரு தோட்டத் தொழிலாளி. அந்த ‘ஆலும்’ விகுதியை விளக்காமல் நாம் அருளுரை கூறுவோமாயின், சிவப்பழகு விளம்பரத்தின் இலக்கணத்தையே பீடத்திலிருந்து கற்பித்தவர் ஆவோம்.

மாணவர்க்கு ஓர் எளிய பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். தத்தம் திருச்சபை வெளியீடுகளின் ஓராண்டு இதழ்களை எடுத்து, மணமக்கள் தேவைப் பகுதியில் நிறமும் சாதியும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணட்டும். பின்னர் அட்டைப்படங்களையும் பாடற்காணொளிகளையும் எடுத்து, ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமரும் மக்களுள் எவருடைய முகமேனும் அவற்றில் உண்டா என்று பார்க்கட்டும். அம்மக்களை நாம் வாரந்தோறும் அழைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களைக் காட்டியிருக்கிறோமா என்பதற்கு அந்த எண்ணிக்கை விடை கூறும்.