அண்ணன், அக்கா, நான், தம்பி, அப்புறம் வடகடல்

கோல்ஃபில் ஒரு செட்டுக்கு நாலு பேர். எங்கள் வீட்டிலும் நாலு பேர். அண்ணன் சிங்கப்பூரில், அக்கா பெங்களூரில், நானும் தம்பியும் கோயம்புத்தூரில். இந்த நால்வரையும் ஒரே வாரம் ஒரே ஊரில் உட்கார வைக்க எந்தக் கல்யாணத்தாலும் முடிந்ததில்லை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையால் முடிந்தது! போய்வந்து இத்தனை மாதம் ஆகியும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோவுக்கு வடக்கே, ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டினால் வடகடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது ஃபைஃப். வடக்கே செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கிருந்து கரையோடு இறங்கினால் கிங்ஸ்பார்ன்ஸ், கிரெய்ல், ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம், ஈலி, லண்டின் லிங்க்ஸ், லெவன். சிவப்பு ஓட்டு வீடுகள், சின்னச் சின்னப் படகுத்துறைகள், நாலு மைல் போவதற்குள் இன்னொரு கோல்ஃப் மைதானம். ஆட்டம் இல்லாத நேரத்தில் 95ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், கடல் கூடவே வரும்.

திட்டம் போட்ட கதைதான் பாதிச் சுகம். அண்ணனுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் மைதானம் ஒன்றுதான் கண்ணில் நின்றது. சீசனில் தலைக்கு முந்நூறு பவுண்டைத் தாண்டும் கட்டணத்தைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. ஆனால் பணத்தால் மட்டும் ஆகிற காரியமா அது? ஓல்ட் கோர்ஸ் தனியார் கிளப்பின் சொத்தில்லை. பொது நிலம், நடத்துவது செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட். வரம்புக்குள் இருக்கும் ஹேண்டிகேப் சான்று கையில் இருக்கிற எவரும் ஆடலாம். முன்பதிவுக்குப் போக மீதி நேரங்களைக் குலுக்கலில் தருகிறார்கள். ஆடுகிற நாளுக்கு ரெண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும், சாயங்காலம் முடிவு வரும்.

“காசு குடுத்தா ஆகாதுங்ணா, இது சீட்டுக் குலுக்கறதுங்ணா!” என்று தம்பி சொன்னபோது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஓல்ட் கோர்ஸை மறந்துவிட்டுத் திட்டம் போடுவது, தினமும் குலுக்கலில் பெயரைப் போட்டுவைப்பது, விழுந்தால் அன்றைய ஆட்டத்தை நகர்த்திக்கொள்வது. இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எங்கள் குடும்பத்தில் இதுவரை உதித்ததில்லை. ஏனென்றால் அதனால்தான் நாங்கள் ஈலியைப் பார்த்தோம்.

ஈலி! முதல் ஹோலின் டீயில் நின்றால் எதிரே ஒரு மேடு. அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள் என்று தெரியாது. அதற்காக, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் குடிலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை நட்டுவைத்திருக்கிறார்கள். நிஜக் கப்பல், நிஜப் பெரிஸ்கோப். அவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால்தான் நாம் அடிக்கலாம். நாலு பேரும் முறைவைத்து அதில் கண் வைத்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன் ரெண்டாவது முறையும் வரிசையில் நின்றார். இந்த மைதானத்தில் பார் 5 ஒன்றுகூட இல்லை: பதினாறு பார் 4, ரெண்டு பார் 3. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். காற்று வீசும்போது ஆடிப் பாருங்கள், தெரியும். ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் பிறந்து வளர்ந்தது இதை ஒட்டிய ஏர்ல்ஸ்ஃபெர்ரியில்தான். ஆட்டம் முடிந்து ஊருக்குள் போனால், கடல் வாங்கிய நேரத்தில் ஈரமணலில் கிரிக்கெட் மேட்ச்! கரையோரத்து ஷிப் இன் மதுக்கடைக்குச் சொந்தமாக ஒரு அணி இருக்கிறது, கடற்கரைதான் பிட்ச். தம்பி அங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டான்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வகை மைதானங்களை லிங்க்ஸ் என்கிறார்கள். கடல் விட்டுப்போன மணல்மேடு, அதன்மேல் ஒட்டக் கிடக்கும் மெல்லிய புல். மழை விழுந்த வேகத்தில் உறிஞ்சிக்கொள்ளும், தரை கெட்டியாகவே இருக்கும். பந்தைத் தூக்கி அடித்தால் காற்று கொண்டுபோய்விடும், தாழ்த்தி அடித்து உருட்ட வேண்டும். பயிற்சியாளர்களிடம் காசு கொடுத்துக் கற்க வேண்டிய இந்த வித்தையை எனக்கும் தம்பிக்கும் எங்கள் ஊர்ச் செட்டிபாளையம் மைதானத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மாவே சொல்லிக்கொடுத்திருந்தது. ஆடிக்காற்றில் ஆடியவனுக்கு வடகடல் காற்று அந்நியமில்லை. குளிர்தான் அந்நியம். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு, மேலே ரெயின்கோட் போட்டு, அதற்கும் மேலே அக்காவின் சால்வை.

லண்டினும் லெவனும் ஒரு காலத்தில் ஒரே மைதானம். கூட்டம் தாங்காமல் 1909இல் நடுவே கோடு கிழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் பக்கத்தில் மேலும் ஹோல்களைச் சேர்த்துப் பதினெட்டாக்கினார்கள். எல்லையில் இன்றைக்கும் கல்சுவர் நிற்கிறது. சொத்துப் பிரித்த பிறகும் ரெண்டு வீடும் இவ்வளவு செழிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை! காலையில் ஒன்று, பிற்பகலில் மற்றொன்று என்று ஆடினோம். கால் கழன்றுவிட்டது, ஆனாலும் யாருக்கும் நிறுத்த மனமில்லை.

கிரெய்லில் இருக்கும் கோல்ஃப் சங்கம் 1786இல் தொடங்கியது. அவர்களுடைய பால்கோமி மைதானத்தை 1895இல் ஓல்ட் டாம் மாரிஸ் வடிவமைத்தார். எந்த ஹோலில் நின்றாலும் கடல் தெரியும். ஐந்தாவது ஹோலில் கடற்கரை வளைந்து உள்ளே வரும். எவ்வளவு தூரத்தைக் கடலின்மேல் வெட்டி அடிக்கத் துணிவு என்பது அவரவர் பாடு. அண்ணன் துணிந்தார், பந்து வடகடலுக்கு. அக்கா சுற்றிப் போய் பார் எடுத்தாள். எங்கள் வீட்டு வரலாறே அதுதான். ஆன்ஸ்ட்ரதரில் ஒன்பதே ஹோல்கள். அதில் ‘ராக்கீஸ்’ என்ற பார் 3 ஒன்று போதும் ஆளைக் கவிழ்க்க. ஆட்டம் முடிந்து துறைமுகத்தில் சுடச்சுட மீனும் சிப்ஸும். கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்திருக்கலாம், மற்றபடி குறை சொல்ல மாட்டேன்.

ஓல்ட் கோர்ஸ் குலுக்கலில் ஒருவழியாகப் பெயர் விழுந்தது. மாலை ஐந்து மணிக்குத்தான் நேரம். அதுவே அதிர்ஷ்டம்! ஜூனில் அங்கே பத்து மணி வரை வெளிச்சம். தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். 112 பங்கர்கள், அவற்றில் பாதி நம் பந்து விழுந்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். பதினெட்டு ஹோல்களுக்கு நாலு கிரீன்கள்தான் தனி, மற்ற ஏழும் இரட்டைக் கிரீன்கள். ரெண்டாவதும் பதினாறாவதும் ஒன்று, மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒன்று, எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினெட்டு வரும். பதினேழாவதில் ஓரத்தில் நிற்கும் ஹோட்டலின் மூலைக்கு மேலாக, இலக்கே தெரியாமல் அடிக்கச் சொல்கிறார்கள். பதினெட்டாவதில் வேலிக்கு அப்பால் ஊர்க்காரர்கள் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அக்கா கிரீனுக்கு வெளியே, ‘வேலி ஆஃப் சின்’ என்கிற பள்ளத்திலிருந்து பட்டரால் தட்டினாள். பந்து ஏறி, வளைந்து, குழிக்கு ஓரடியில் நின்றது. முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். டிவியில் மட்டும் பார்த்திருந்த ஓசை அது, எங்கள் அக்காவுக்கு!

ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊரே அதில் நடக்க வருகிறது. நாங்களும் ஸ்வில்கன் கல்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்திலேயே ‘ஹிமாலயாஸ்’ என்ற மேடுபள்ளப் பட்டிங் புல்வெளி. 1867இல் தொடங்கிய பெண்கள் கிளப்புடையது. சில பவுண்டுகளில் யாரும் ஆடலாம். அன்று மொத்தச் சிரிப்பும் அங்கேதான்.

சவுத் ஸ்ட்ரீட்டில் நடந்தால் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளியின் பழைய கட்டடம். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல், சென்னையில் அநாதைப் பள்ளி நடத்தியபோது, நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே வளர்த்து, ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் தம்பி விசிலடித்தான்.

நீங்களும் கிளம்புங்கள். ஹேண்டிகேப் சான்றை இந்தியாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத்து மைதானங்களை முதலில் பதிவு செய்யுங்கள், ஓல்ட் கோர்ஸ் தானாக வரட்டும். உடன்பிறந்தவர்கள் நாலு பேர் இல்லையே என்று தயங்க வேண்டாம், குலுக்கலுக்கு ரெண்டு பேர் போதும்.