பரதன் கண்ட அயோத்தி

கம்பராமாயணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாட்டுப் படலத்திற்கும் நகரப் படலத்திற்கும் தரும் இடத்தைப் பள்ளிபடைப் படலத்திற்குத் தருவதில்லை. தயரதனின் ஈமக்கடனைக் கூறும் பகுதிதானே என்று விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால், தான் வாழ்ந்த ஊர் மாறிக் கிடப்பதை மீண்டு வந்தவன் ஒருவன் காணும் காட்சி, அப்படலத்தின் முற்பகுதியில் அமைந்திருப்பதுபோல் தமிழில் வேறிடத்தில் அமைந்திருப்பது அரிது.

பாட்டனாரின் கேகய நாட்டில் தங்கியிருந்த பரதனிடம் அயோத்தித் தூதர் வருகின்றனர். தந்தையார் நலமா என வினவுகிறான், நலம் என்கின்றனர். மகிழ்ந்து தம்பியோடு புறப்படுகிறான். மன்னன் மாண்டதும் இராமன் கானகம் புகுந்ததும் அவன் அறியாதவை. தூதர் வாய் மறைத்ததை நாட்டின் மண்ணே அவனுக்குச் சொல்லத் தொடங்குகிறது.

எப்படிச் சொல்கிறது? இல்லாதவற்றைக் கொண்டு சொல்கிறது. வயலில் ஏர் இல்லை. பயிருக்குப் பாய்ந்த நீர் இல்லை. இளைஞர் தோளில் மாலை இல்லை. யானைக் கன்றுகளையும் பொருளையும் பரிசிலாகப் பெற்று, கொள்ளையிட்டவரைப் போல் அள்ளிச் செல்லும் இசைவாணர் கண்ணிற் படவில்லை. வேண்டியவர் வந்து வேண்டியதைக் கொள்க என அழைப்பதுபோல் முழங்கும் முரசும் காதில் விழவில்லை. வழிப்போக்கன் ஒருவன் அன்று அயோத்திக்கு வந்திருந்தால், அமைதியான நகரம் என்று பாராட்டிச் சென்றிருப்பான். ஒலிக்காத முரசைக் கேட்க, அது ஒலித்த நாளில் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இடித்த லயங்களின் மேல் எழுந்த வீடமைப்புப் பகுதிக்குள், பழைய தோட்டத்து மக்கள் விடியற்காலைப் பெரட்டு மணியைத் தேடுவதும் இத்தகையதே.

ஈண்டு ஒரு தடை எழலாம். கோசலத்தில் வறியவரே இல்லாமையால் கொடைக்கு அங்கு வேலையில்லை என்று பாலகாண்டத்தில் பாடியவர் கம்பர். அப்படியானால் இந்தக் கொடை முரசு எங்கிருந்து வந்தது? முரண்தான்; மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே நாட்டை உயரத்தில் நின்று புகழ்பவர் புலவர். இங்கே ஊரை நினைப்பவன் அவ்வூரில் வளர்ந்த பிள்ளை. நாட்டுக்கு வறுமை உண்டா இல்லையா என்பது அவன் கணக்கன்று. தினமும் கேட்ட ஓசை அவன் நெஞ்சில் இருக்கிறது. திருமகள் நிலத்தை விட்டு நீங்கினாள் என்ற கற்பனையும் இவ்விடத்தில் வருகிறது. அழகியதே. ஆயினும் ஏரில்லாத வயலின் கூர்மை அதற்கு இல்லை.

வான்மீகியின் பரதன் தான் கண்ட கேடுகளைத் தேர்ப்பாகனிடம் நீளப் பேசுகிறான். கம்பரோ பெரும்பாலும் காட்சிகளையே பேசவிடுகிறார். பரதன் உள்ளே சென்று தந்தையைத் தேடுகிறான்; காணவில்லை. தாய் அழைக்கிறாள், செல்கிறான். அவள் முதலில் கேட்பது தன் பிறந்தகத்தார் நலத்தை! நாடு முழுதும் வாடிக் கிடக்கையில் இந்த ஒரு மனையில் மட்டும் இயல்பான குசல விசாரிப்பு நடக்கிறது. ஏரில்லாத வயலைக் கண்டு வந்தவனுக்கு இதைவிடக் கொடிய வரவேற்பு இல்லை. அவள் சொல்லப்போகும் செய்தியைக் காட்டிலும் அவளது அமைதியே நம்மை நடுங்க வைக்கிறது.

இராமனைக் கண்டு பாதுகையோடு திரும்பும் பரதனை வான்மீகி மறுபடியும் அயோத்திக்குள் அழைத்துச் சென்று, இருண்ட நகரை இரண்டாம் முறை வருணிக்கிறார். கம்பர் அதைச் செய்யவில்லை. அவருடைய பரதன் கங்கையைக் கடக்கிறான். அயோத்திக்குள் புகாமல் நந்தியம்பதியில் தங்கிவிடுகிறான்.